விடுதலை என்றால் பொய் வழக்கா?

நம்பிக்கை: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டார். அப்படியானால் புகார் கொடுத்தவர் சொன்னது பொய்.

உண்மை: பெரும்பாலான விடுதலைத் தீர்ப்புகள் அப்படிச் சொல்வதில்லை. ஒன்றை நம்பாமல் விடுவது வேறு. அது நடக்கவே இல்லை என்று நம்புவது வேறு. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம், 3-ஆம் பிரிவிலேயே இதைப் பிரித்துவிட்டது. ஒரு சங்கதி உண்டு என்று நீதிமன்றம் நம்பினால், அது நிரூபிக்கப்பட்டது. இல்லை என்று நம்பினால், பொய்யென்று நிரூபிக்கப்பட்டது. இரண்டுக்கும் வழியில்லாவிட்டால், நிரூபிக்கப்படாதது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் 2-ஆம் பிரிவில் இந்த மூன்றையும் வைத்திருக்கிறது.

ஓர் அரிவாள் வெட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். நேரில் பார்த்தவர் கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கவில்லை" என்று பிறழ் சாட்சியாகிறார். அரிவாளைக் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்திட்டவரோ, "கையெழுத்து என்னுடையதுதான், ஸ்டேஷனில் வைத்துப் போடச் சொன்னார்கள்" என்கிறார். நீதிபதி சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கிறார். காயம்பட்டவரின் தோளில் தழும்பு இருக்கிறது. வெட்டியவர் இவர்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவே.

பாலியல் வன்முறை வழக்குகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம் காயப்படுத்துகிறது. விடுதலை என்று செய்தி வந்த அன்றே, புகார் கொடுத்த பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிடுகிறோம். இது பெரிய அநியாயம். பொய்ப் புகார் என்பது தனிக் குற்றம். முகாந்திரம் இல்லை என்று தெரிந்தே, தீங்கு செய்யும் எண்ணத்தோடு வழக்குத் தொடுத்ததாகத் தனியே நிரூபித்தால்தான் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவில் தண்டிக்க முடியும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. புகார் பொய்யாகவே இருந்தாலும், அதைக் கொடுத்தது குழந்தை என்றால் தண்டனை கிடையாது.

நம்பிக்கை: சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தவர், தப்பித்த குற்றவாளி.

உண்மை: அதே தவறுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்பது சட்டத்தின் அனுமானம். விடுதலைக்குப் பிறகும் அது குலைவதில்லை. தான் செய்யவில்லை என்று காட்டும் கடமை பொதுவாக அவருக்குக் கிடையாது, நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புடையது. வீடு வாடகைக்குக் கேட்டு வரும்போது பழைய வழக்கைச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறவர்கள், நீதிமன்றம் தராத தீர்ப்பைத் தாங்களே தருகிறார்கள்.