மாடுகளில் தொண்டை அடைப்பான் நோய்

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலத்தில், மாலையில் நன்றாக மேய்ந்து வந்த எருமை மறுநாட் காலையிற் பட்டியில் இறந்து கிடந்ததென்ற செய்தி உலர்வலயக் கிராமங்களுக்குப் புதிதன்று. பாம்பு தீண்டியதென்றும் நச்சுப்பூண்டு தின்றதென்றும் காரணங் கூறுவர். ஆயினும் தொண்டையின் கீழ் வீக்கமும் காணப்படின், தொண்டை அடைப்பானையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

இந்நோயை உண்டாக்குவது பாஸ்தூரெல்லா மல்ற்றோசிடா என்னும் பற்றீரியாவாகும். நோய்க்குத் தப்பிய சில மாடுகளின் தொண்டையில் இக்கிருமி மறைந்து வாழும். அம்மாடுகள் பார்வைக்கு முழுச் சுகமுடையனவாகவே இருக்கும். கோடையில் மேய்ச்சலின்றி மெலிந்த உடல் முதல் மாரியில் நனைந்து குளிரும்போதும், உழவில் வருந்தும்போதும், மறைந்திருந்த கிருமி பெருகி எச்சில், மூக்குநீர் வழியாக வெளிப்படுகின்றது. ஈரமான மண்ணிலும் நீரிலும் அது சில நாட்கள் உயிரோடிருக்கும். விதைப்பின்போது வயல்களிலிருந்து அகற்றப்படும் பட்டிகள் பல, ஒரே காட்டோர மேய்ச்சற்றரையில் ஒன்றுகூடுவதும் அதே காலத்திலாகும். நோய் பரவுதற்கு இதனினும் வாய்ப்பான நிலை வேறில்லை.

பசுக்களிலும் பார்க்க எருமைகளையே இந்நோய் கடுமையாகத் தாக்கும். அவற்றுள்ளும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள கன்றுகளே மிகுதியும் மடிகின்றன. முதலில் காய்ச்சல் காணும். விலங்கு இரை தின்னாது ஒதுங்கி நிற்கும். பின்னர் வாயிலிருந்து எச்சிலும் மூக்கிலிருந்து நீரும் ஒழுகும். தொண்டையிற் சூடும் நோவுமுள்ள வீக்கந் தோன்றி மார்பு வரை இறங்கும். விரலால் அழுத்தினாற் குழி விழும். மூச்சு இரைந்து, நாக்குத் தள்ளி, விலங்கு விழுந்துவிடும். கடும் நோயில் இவையனைத்தும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுவதுமுண்டு.

தொடையிலோ தோளிலோ வீங்கி, தடவும்போது தோலின் கீழ் நறநறவென ஒலித்தால், அது பெரும்பாலும் சப்பை நோயாகும். இறந்த மாட்டின் மூக்கு, வாய், குதம் வழியாக உறையாத கரிய இரத்தம் வடிந்தால் அந்திராக்ஸ் நோயென ஐயுற்று, உடலை எவ்வாற்றானும் வெட்டாது மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அது மனிதரையும் தொற்றுவது.

வீக்கங் கண்ட விலங்கு பிழைப்பது அரிது. வீக்கத்தின்மேற் குறி சுடுவதனால் ஒரு பயனுமில்லை, வாதையே மிகும். தொண்டை அடைத்த மாட்டுக்கு மூங்கிற் குழாயாற் கசாயம் பருக்குவது அதனினுந் தீது, மருந்து சுவாசப்பைக்குட் சென்று அதுவே உயிரைக் குடிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் உள்ளனவாயினும், காய்ச்சல் தொடங்கிய முதற் சில மணி நேரத்துள் ஏற்றப்படின் மாத்திரமே அவற்றை நம்பலாம்.

ஆதலின் பட்டியில் ஒரு மாடு இந்நோயால் வீழ்ந்தவுடன், அதனையே சுற்றி நின்று காலத்தைப் போக்காமல் எஞ்சியவற்றைக் கவனித்தல் வேண்டும். அவற்றை வேறிடத்திற் கட்டி, காலையும் மாலையும் குதத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தல் நன்று. மாட்டின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101.5 பாகை பரனைற்று. 104 பாகையோ அதற்கு மேலோ காட்டும் விலங்கை, அது இரை தின்றுகொண்டு நின்றாலும், உடனே வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும். அந்நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டவை பிழைத்தல் கூடும். கடும் வெயிலில் நின்ற எருமையைச் சிறிது நேரம் நிழலில் விட்ட பின்னரே வெப்பம் பார்த்தல் வேண்டும்; இல்லாவிடின் அளவு பிழைபடும்.

இவ்வளவு துன்பமும் தடுப்பூசியினால் தவிர்க்கப்படத்தக்கதே. இதற்கான தடுப்பூசி கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் தயாரிக்கப்படுகின்றது. கன்றுகளுக்கு நான்கு முதல் ஆறு மாத வயதில் முதல் ஊசியும், மூன்று முதல் ஆறு மாதங்களின் பின் மறு ஊசியும், அதன்மேல் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் ஏற்றுவது முறை. வடகிழக்குப் பருவமழை ஒக்டோபரில் நெருங்குவதால், ஆகஸ்ட் மாதத்திலோ செப்டெம்பர் முற்பகுதியிலோ இதனை முடித்துவிடல் வேண்டும். மழை தொடங்கியபின் மாடுகள் காட்டுக்குள் சிதறிவிடும். பிடித்துக் கட்டுவதும் எளிதன்று. ஊசி ஏற்றிய இடத்திற் சிறு தடிப்பு உண்டாகலாம்; அதற்கு அஞ்சி மறு ஆண்டு மாட்டை ஒளிப்பது அறியாமையாகும். உழவுக்கோ பாலுக்கோ புதிதாக வாங்கிய மாட்டை இரண்டு கிழமையேனும் புறம்பாகக் கட்டி வைத்த பின்னரே பட்டியிற் சேர்க்கலாம்.

இறந்த விலங்கைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிதலும், இறைச்சியாக்கிப் பங்கிடுதலும் நோயை அயற் பட்டிகளுக்கு அனுப்புவதேயாகும். நீர்நிலைக்குத் தொலைவில் ஆறடி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். அது கிடந்த இடத்து வைக்கோலையும் சாணத்தையும் எரித்துவிடலாம். அன்றைய தினமே அப்பகுதி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தால், அயற் பட்டிகளுக்கு ஊசி ஏற்ற ஒழுங்கு செய்வர்.