மவுண்ட்டை முடுக்கும் முன் டிஃபரன்ஷியலைப் பாருங்கள்

கேள்வி: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (1.8 லிட்டர்) ஒன்றைப் பிரித்து, அதன் உறுப்புகளை வைத்து லோகாஸ்ட் பாணியில் கார் கட்டி வருகிறேன். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் என் சேசிஸுக்குள் அடங்கவில்லை, கழற்றிவிட்டேன். கியர்பாக்ஸின் வால் இப்போது ஒரு ரப்பர் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தால், ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் கியர் லீவர் குதிக்கிறது. பின்னால் ‘டங்’ என்று சத்தம். என்ஜின் மவுண்ட்டில் ரப்பரை எடுத்துவிட்டு இரும்போடு இரும்பாக முடுக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு என்ஜின் மவுண்ட்டில் இல்லை.

கழற்றிய சட்டம் இரண்டு வேலை பார்த்தது. எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்ட் கிடையாது. வாலைப் பிடித்திருந்தது அந்தச் சட்டம்தான். டிஃபரன்ஷியலின் மூக்கு எகிறாமல் அமுக்கியதும் அதுவே. முதல் வேலைக்கு ரப்பர் வைத்தீர்கள், இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை. லோகாஸ்ட் கட்டுபவர்கள் கையில் வைத்திருக்கும் ரான் சாம்பியனின் 1996ஆம் ஆண்டுப் புத்தகம் ஃபோர்டு எஸ்கார்ட்டை அடிப்படையாகக் கொண்டது. அதன் பின்பக்கம் முழு ஆக்ஸில் என்பதால் இந்தச் சிக்கலே அங்கு எழாது.

கணக்கைப் பாருங்கள். என்ஜின் தரும் டார்க் சுமார் 150 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 3.136, கியர்பாக்ஸை விட்டு வரும்போது 470. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் சக்கரங்களுக்குப் போவது 1,900க்கு மேல். அவ்வளவும் டிஃபரன்ஷியல் கூட்டை எதிர்த்திசையில் முறுக்கும். இரு காதுகளிலும் உள்ள புஷ் மட்டும் அதைத் தாங்காது. காதுகளிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் மூக்கைப் பிடித்தால், அந்த இடத்தில் விழும் விசை ஏறத்தாழ 650 கிலோ எடைக்குச் சமம். சட்டம் மாட்டியிருந்த போல்ட் துளைகளிலேயே கனமான பிராக்கெட் போட்டு, அதைக் குறுக்குக் குழாயோடு புஷ் வைத்து இணையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு மேலே போகும், காலை எடுத்தால் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் பிடிப்பு வேண்டும். மெல்லிய சதுரக் குழாயின் நடுவில் பற்றவைக்காமல், குழாய்கள் சந்திக்கும் மூலையில் கஸெட் கொடுத்துப் பற்றவையுங்கள்.

கியர்பாக்ஸ் வாலுக்கு ரப்பர் சரிதான். ஆனால் நடுவே போல்ட் ஊடுருவி, மேலும் கீழும் அகல வாஷர் இருக்க வேண்டும். ரப்பர் கிழிந்தாலும் கியர்பாக்ஸ் கீழே விழாது.

நண்பர் சொல்வதைச் செய்தால் என்ஜின் அதிர்வு முழுதும் குழாய்களுக்குப் போகும், வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும். அதைவிட மோசம், முன்னால் இரும்பும் பின்னால் ரப்பரும் இருந்தால் பெல் ஹவுசிங் இணைப்பு வளைவுக்கு உள்ளாகும். இறுக்கம் வேண்டுமானால் மூன்று மவுண்ட்டையும் சேர்த்தே பாலியூரித்தேனுக்கு மாற்றுங்கள்.

இறுதி வெல்டிங்குக்கு முன் கோணம் பாருங்கள். கியர்பாக்ஸ் அச்சும் டிஃபரன்ஷியல் மூக்கின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு யூனிவர்சல் ஜாயிண்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை இருந்தால் நல்லது. என்ஜின் உள்ளே இருக்கும்போது டாக் வெல்ட் மட்டும் வைத்து, என்ஜினை இறக்கிய பிறகு முழுதாகப் பற்றவையுங்கள். பேட்டரியையும் இசியூவையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

டிஃபரன்ஷியல் மூக்குக்குப் பிடிப்பு வைக்கும்வரை தயவுசெய்து அந்தக் காரை ஓட்டாதீர்கள்.