மறந்துபோன மாப்பிள்ளையும் மூன்று நண்பர்களும்

சிரிப்புப் படத்துக்கு விமர்சனம் எதற்கு, சிரித்தோமா வீட்டுக்கு வந்தோமா என்று இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிரிப்புப் படத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த முறை பாடத்துக்கு 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தை எடுத்துக்கொள்வோம்.

2012 நவம்பரில் வெளிவந்த படம். பாலாஜி தரணீதரனுக்கு இயக்குநராக முதல் படம், செலவு குறைவு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நண்பர்களோடு கிரிக்கெட் ஆடும் பிரேம் (விஜய் சேதுபதி), கேட்ச் பிடிக்கப் போய் விழுந்து பின்மண்டையில் அடிபடுகிறான். காதலித்த பெண்ணே நினைவில் இல்லை. சற்று முன் சொன்னதும் நிற்பதில்லை. கேட்டதையே கேட்கிறான். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, மூன்று நண்பர்கள் அவனை மணமேடை வரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இது கட்டுக்கதை அல்ல. படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம் குமாருக்கே நடந்தது. உடனிருந்த நண்பர்களில் ஒருவரான பகவதி பெருமாள், படத்தில் தம் பாத்திரத்தைத் தாமே செய்தார். (மறதியால் கதை தந்த அதே பிரேம் குமார், பள்ளிக் காதலை மறக்க முடியாத ஒருவனின் கதையை 2018இல் '96' என்று இயக்கினார்!)

வில்லன் இல்லை, டூயட் இல்லை, அடிதடி இல்லை. ஆனாலும் விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். குறை சொன்னவர்கள் இரண்டு சொன்னார்கள்: படம் நீளம், ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்து அலுக்கிறது. நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டாவதை ஒப்பமாட்டேன். பாலத்தின் மேல் ஒரே பாரத்தை மறுபடி மறுபடி ஏற்றும்போது பாரத்தை யாரும் பார்ப்பதில்லை. இரும்பு எவ்வளவு வளைகிறது, திரும்ப நிமிர்கிறதா என்றுதான் பார்ப்போம். இங்கே பிரேமின் கேள்வி பாரம், நண்பர்கள் இரும்பு. முதலில் பரிவாகப் பதில் சொல்கிறவர்கள், பிறகு பொய் சொல்கிறார்கள், எரிந்து விழுகிறார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர்கள் நட்பைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறு. மணப்பெண் தனலட்சுமியிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. வரவேற்பு மேடையில், பக்கத்தில் நிற்பவள் யாரென்றே தெரியாமல் மாப்பிள்ளை அலறுகிறான், அரங்கம் சிரிக்கிறது. அவள் இடத்தில் நம் வீட்டுப் பெண் நின்றால் சிரிப்போமா? நட்பு கூடிச் சிரிப்பதற்கல்ல, வழி தவறும்போது கண்டிப்பதற்கு என்பது வள்ளுவர் (784). குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்பதும் அவரே (292). நண்பர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். நன்மை வந்தது, சரி, அது குற்றமற்றதா? மறைத்தது பிரேமுக்காக மட்டுமா, பெரியவர்கள் முன்னால் தாங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுமா? எனக்கு இரண்டும் கலந்தே தெரிகிறது.

படம் 2013இல் தெலுங்கிலும், 2014இல் மலையாளத்திலும் கன்னடத்திலும் எடுக்கப்பட்டது. வரதய்யபாளையத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் காதில் விழுந்தே பழக்கம். எனவே தமிழையும், 'புஸ்தகம்லோ கொன்னி பேஜீலு மிஸ்ஸிங்' என்ற தெலுங்குப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கட்டும். பெற்றோரும் கூட உட்காருங்கள். ஒரு தாளில் இரண்டே கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் நண்பர்கள் மணப்பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்? சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?