முதலில் தண்ணீரை வளர்

தூத்துக்குடி

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும், அதோடு நீ வரைந்து அனுப்பிய படமும் வந்து சேர்ந்தன. உங்கள் பெங்களூரு நீலசந்திரா வீட்டு முன்னறையில் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதற்குள் உயிர்ப்பவளம், இரண்டு கோமாளி மீன், இறால். கடலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வளர்ந்த பிள்ளைக்குக் கடல்மீது இவ்வளவு ஆசை இருப்பதில் எனக்குச் சந்தோஷம். விலங்கியல் படித்து, அதையே பாடம் சொல்லிக்கொடுத்து, இந்தக் கரையிலேயே வாழ்கிறவள் என்ற உரிமையில் என் மனதில் உள்ளதை எழுதுகிறேன்.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தே உயிர்ப்பவளம் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். வாங்காதே, மருமகனே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டிலேயே பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கரும்பவளம், கடல்விசிறி, தீப்பவளம், குழல்பவளம் எல்லாம் அதில் உண்டு. கடல்குதிரையும் கடல்அட்டையும்கூட உண்டு. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் இருக்கிறது. உயிர் போன பவளக்கல்லும் இந்தத் தடைக்குள் அடங்கும். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் தொட்டியில் அடுக்கிவைத்துக் காட்டுகிற ‘லைவ் ராக்’ என்பது பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்தான். அவர்கள் நாட்டுச் சட்டம் வேறு. அதைப் பார்த்து நீ கடையில் கேட்டால், உனக்காக யாரோ ஒருவர் இங்கே பவளப்பாறையில் இறங்கி உடைக்க வேண்டியிருக்கும்.

உடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும், பின்பு பல காலமும், முருகைக்கல் எனும் பவளக்கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவுகளை அலை அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு சுருங்கிக்கொண்டே வந்ததால், அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உருண்டைப் பவளம் ஒன்று ஒரு சென்டிமீட்டர் வளர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். உன் கையகலத் துண்டுக்குப் பத்து வருட வயது இருக்கலாம்.

அதற்காக ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. தொட்டியைச் சட்டத்துக்கும் கடலுக்கும் பொருத்தமாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். பீங்கானிலோ சிமெண்டிலோ செய்த கற்களை அடுக்கிப் பாறை அமைத்துக்கொள். இதைப் போலி என்று நினைக்காதே. இங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் அழிந்த பாறைகளை மீட்கும் வேலையைச் செய்கிறது. அவர்கள் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பதும் சிமெண்ட் பலகைகளின் மேல்தான். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். ஆகவே கற்களைச் சில வாரங்கள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, காரத்தன்மை இறங்கிய பிறகே தொட்டியில் வை. பவள மணலும் போட வேண்டாம். அடி வெறுங்கண்ணாடியாக இருந்தால் சுத்தம் செய்வதும் சுலபம். பச்சை வேண்டுமென்றால் கடற்பாசி வளர்க்கலாம். வேறொருவர் தொட்டியில் வெட்டி எறியும் பாசியே உனக்குப் போதும். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை அது உண்டு வளரும். நீ அதை நறுக்கி எடுக்கும்போது அந்தக் கழிவும் தொட்டியைவிட்டு வெளியேறும். நறுக்கியதைச் சாக்கடையில் விடாமல் காயவைத்துக் குப்பையில் சேர். இந்தத் தீவுகளில் ஒன்றான குருசடையில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி பவளங்கள்மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இனி உப்பு. எங்கள் ஊர் உப்பளத்து உப்பை மூட்டையாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அது உதவாது. கடல்நீரைப் பாத்தியில் கட்டிக் காயவிட்டால் முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடும். அதன் பிறகுதான் சோற்றுப்புக்கான படிகம் இறங்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படும். அதாவது உப்பளத் தொழில் என்பதே கடல்நீரிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பது. உன் மீனுக்கோ பிரிக்காத கடல் முழுவதும் வேண்டும். தொட்டிக்கென்று எல்லாத் தாதுக்களும் சேர்த்து விற்கும் கடலுப்புக் கலவையை வாங்கு. லிட்டருக்குச் சுமார் 37 கிராம் கரைத்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற உப்பளவு கிடைக்கும். கண்ணால் மதிப்பிடாதே. ரிஃப்ராக்டோமீட்டர் வைத்து அள. அந்தக் கருவியையும் 35 பங்குக்கான சோதனைத் திரவத்தால் அவ்வப்போது சரிபார்.

உப்பைக் கரைக்கும் தண்ணீர் எதுவுமற்றதாக இருக்க வேண்டும். உங்கள் குழாயில் வருவது நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் காவிரி. அதில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை. டேங்கர் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. ஆர்.ஓ. கருவியோடு, எஞ்சிய அயனிகளை நீக்கும் டிஐ குப்பியையும் இணைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரை மட்டும் பயன்படுத்து. ஒரு லிட்டர் சுத்த நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு நீர் போகும். 2024 மார்ச்சில் உங்கள் ஊரில் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை மறந்திருக்க மாட்டாய். கழிவு நீர் முழுவதையும் வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் கொடு. உன் அம்மா தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் நாளில் உன் தொட்டிக்குப் பங்கு கேட்காதே. அதற்கான நீரை முன்கூட்டியே கேனில் சேர்த்து வைத்திரு.

உன் ஊர் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதை நீ யோசித்திருக்க மாட்டாய். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். உப்புத் தண்ணீர் ஏற்கெனவே நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். எனவே வெளிநாட்டுப் புத்தகம் நான்கு மீன் தாங்கும் என்று சொன்னால் நீ இரண்டோடு நிறுத்து. மோட்டாரின் வாய் மேல்பரப்பை எப்போதும் கலக்கிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளுமை ஒரு கொடை. சென்னையில் குளிர்விப்பான் இல்லாமல் முடியாது. உனக்குச் சித்திரை வெயிலில் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மார்கழி இரவுகளுக்கு ஒரு ஹீட்டர் வேண்டும். 25, 26 டிகிரியில் நிலையாக நிற்பதே குறி.

மின்விசிறி ஓடினால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நூற்றிருபது லிட்டரில் ஆறு லிட்டர் குறைந்தால் 35 பங்கு உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். குறைந்த அளவை நாள்தோறும் உப்பில்லாத சுத்த நீரால் நிரப்பு. கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தொட்டியும் கல்லும் ஸ்டாண்டும் சேர்ந்தால் இருநூறு கிலோவை நெருங்கும். பக்கத்துச் சுவரும் உங்கள் சுவரும் ஒட்டி நிற்கும் தெரு அது; நீங்கள் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி, தூணோ உத்திரமோ போகும் சுவரை ஒட்டி வை. வெளியே நீட்டிய பால்கனியில் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. அந்த அறையில் கொசுவர்த்தியும் மருந்து அடிப்பதும் கூடாது. அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்கு விஷம், இறாலுக்கு அதைவிடக் கொடிய விஷம். மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். வீட்டு இன்வெர்ட்டரில் மோட்டாரை மட்டும் இணைத்துவிடு. அதுவும் இல்லாத நேரத்துக்கு பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

எல்லாம் தயாரானதும் கடைக்கு ஓடி மீன் வாங்கி வராதே. இந்தக் கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வை. மீன் விடும் கழிவு அமோனியா. கல்லில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கலாம். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அமோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு நடுநிலை நீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நீ நன்னீரில் வளர்த்த கப்பி மீன்கள் தாங்கிய அழுக்கை இங்கே எதுவும் தாங்காது. பாக்டீரியா பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீன்தொட்டிக்கென்று விற்கும் அமோனியாக் கரைசலைச் சில துளிகள் விட்டு, பரிசோதனைப் பெட்டியால் அளந்து, அமோனியா ஏறி இறங்குவதையும், நைட்ரைட் ஏறி இறங்குவதையும் குறித்துக்கொண்டே வா. இட்ட அமோனியா ஒரே நாளில் இரண்டு அளவும் பூஜ்யமாகும்படி மறைந்தால் தண்ணீர் தயார். பார்க்க வருகிறவர்கள் வெறுந்தொட்டி என்பார்கள். அதற்குள் உயிர் குடியேறிக்கொண்டிருப்பதை உன் நோட்டு காட்டும். வயலில் உரமேற்றும் முன் நாற்று நடாத விவசாயியின் பொறுமை உனக்கு வேண்டும்.

பிறகு ஒரு ஜோடிக் கோமாளி மீன். குஞ்சகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்கு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதைச் செயற்கையாகப் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம். பொரிந்த குஞ்சுக்குக் கண்ணுக்கு எட்டாத ரோட்டிஃபரைத் தீனியாக வளர்த்துப் போட வேண்டும். அவ்வளவு உழைப்பு அந்த விலையில் இருக்கிறது, பேரம் பேசாதே. தொட்டியில் பிறந்த மீன் குருணைத் தீனியைத் தயங்காமல் எடுக்கும். கடைக்காரரை உன் முன்னால் தீனி போடச் சொல்லிப் பார். வேறு தொட்டியில் நான்கு வாரம் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே சேர். கடல்சாமந்தி இல்லாமலும் இவை நன்றாக வாழும். இவை எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அந்தப் பெண் இறந்தால் அதன் துணை பெண்ணாக மாறும். இந்த மாற்றத்தை உன் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் வரலாம். இறால் ஓராண்டு கழித்து. உப்பளவின் ஏற்ற இறக்கத்தை அது பொறுக்காது. நீலநிறச் சர்ஜன் மீனைக் கேட்கவே கேட்காதே. அது நீந்த உன் அறையே போதாது.

பராமரிப்பு எளிது, விடாமல் செய்தால். தினமும் நீர்மட்டம், வெப்பம், மீன் தின்கிறதா என்பது. வாரம் ஒருமுறை பன்னிரண்டு லிட்டர் எடுத்துவிட்டு, முந்தின நாளே கரைத்துவைத்த உப்புநீரை அதே வெப்பத்தில் ஊற்றுவது. கடினப் பவளம் இல்லாததால் கால்சியமும் காரமும் தனியாகச் சேர்க்க வேண்டாம். இந்த வாராந்திர மாற்றமே ஈடுகட்டிவிடும். ஏதாவது கோளாறு தெரிந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பாட்டில் மருந்துகளை நம்பி ஊற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று உனக்கே தெரியாமல் போகும்.

கோமாளி மீன் தொட்டியில் பத்து வருடத்துக்கும் மேல் வாழும். உனக்கு இப்போது வயது பத்தொன்பது. படிப்பு முடியும், வேலை வேறு ஊரில் கிடைக்கலாம், வீடு மாறலாம். அதுவரை யார் நீர் நிரப்புவார்கள், நீ விடுதிக்குப் போனால் யார் பார்ப்பார்கள், முடியாத கட்டத்தில் எந்த வளர்ப்பவரிடம் ஒப்படைப்பாய் என்பதை அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து பேசி எழுதிவை. அந்தத் தாளை எனக்கு அனுப்பு. அதில் மூவரும் சம்மதித்திருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்க நான் பணம் அனுப்புகிறேன். தொட்டியைவிட முந்தி உன் வீட்டுக்குள் வர வேண்டியது அந்தக் கருவிதான்.

அன்புடன்,
உன் அத்தை