ஆஸ்பத்திரி மணக்கும் விஸ்கி

கேள்வி: ஐயா, நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் ஒரு ஸ்கொட்ச் போத்தல் தந்துவிட்டுப் போனார். பெயர் லஃப்ரோய்க், 10 வருடம் என்று போட்டிருக்கிறது. “கோலா கலந்து பழுதாக்கிப் போடாதேங்கோ மாமா” என்று புத்திமதி வேறு. தேர், தீர்த்தம் முடியும்வரை வீட்டில் மச்சமும் இல்லை, போத்தலும் திறக்கவில்லை. பிறகு திறந்தால் டெட்டோல் மணம்! “ஆருக்குக் காயம்?” என்று மனுசி அடுப்படியிலிருந்து கேட்கிறா. பழுதாய்ப் போன சாமானா? ஒரு வாய் குடித்தேன், தொண்டை எரிந்ததுதான் மிச்சம். தேன், உலர்பழம், வனிலா என்றெல்லாம் எழுதுகிறார்களே, எனக்கு ஏன் ஒன்றும் பிடிபடவில்லை? இளவயதில் கள்ளும் பிறகு சாராயமும் பழகியவன் நான். இப்போது சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், மருதனார்மடம்

பதில்: மாஸ்ரர், போத்தல் பழுதில்லை. அந்த மணத்துக்காகத்தான் உலகத்தில் பாதிப்பேர் லஃப்ரோய்க்கைத் தேடி வாங்குகிறார்கள். மற்றப் பாதிப்பேர் கிட்டவும் போகமாட்டார்கள்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு. 1815 இலிருந்து லஃப்ரோய்க் வடிசாலை அங்கேதான் இருக்கிறது. மரம் குறைந்த, காற்றடிக்கிற தீவு. ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாசியும் புதர்ச்செடியும் சதுப்பில் மக்கி இறுகிக் கிடக்கும் கரிமண்ணை வெட்டிக் காயவைத்து விறகுக்குப் பதிலாக எரிப்பார்கள். அதற்குப் ‘பீற்’ என்று பெயர். முளைக்கவிட்ட பார்லியை இந்தப் பீற் புகையில் உலர்த்தும்போது புகையிலுள்ள பீனோல் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் முக்கியமானவை கிரெசோலும் குவாயகோலும். நொதித்து, செப்புக் கொதிகலனில் இரண்டு தரம் வடித்து, வருடக்கணக்கில் பீப்பாயில் கிடந்த பிறகும் அவை முழுதாகப் போவதில்லை. டெட்டோலும் பழைய கார்போலிக் சவர்க்காரமும் அதே பீனோல் குடும்பந்தான். ஆகவே உங்கள் மனுசியின் மூக்கில் பிழையில்லை, இரசாயனப்படியே அவ சொன்னது சரி. ஜோசப் லிஸ்டர் 1865 இல் கார்போலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களுக்கு மருந்து கட்டத் தொடங்கியதும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில்தான்.

நீங்கள் மருதனார்மடத்துக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த ஊர் இணுவிலில் புகையிலைக் குடிலுக்குள் எப்போதாவது தலையை விட்டிருப்பீர்கள். தேங்காய்ப் பொச்சு கனன்று, இலை புகை குடித்துக்கொண்டிருக்கும்போது வருமே ஒரு காரமும் இனிப்பும் கலந்த மணம். தாவரத்தின் நாரிலுள்ள லிக்னின் என்ற பொருள் எரியும்போது பிறக்கிற குவாயகோல் அங்கேயும் இருக்கிறது. இனிக் கிளாஸைக் கையில் எடுத்தால் டெட்டோலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் புகையிலைக் குடிலைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் அயடின், கடற்கரையில் காய்ந்த பாசி, அதற்கும் பின்னால் லேசாக ஓர் இனிப்பு வரும். அந்த இனிப்பு பீப்பாய் கொடுத்தது. அமெரிக்காவில் பேர்பன் விஸ்கி வைத்தெடுத்த ஓக் பீப்பாய்களைத்தான் ஸ்கொட்லாந்துக்காரர் பெரும்பாலும் பாவிக்கிறார்கள், வனிலா மணம் அந்த மரத்திலிருந்து வருகிறது.

புத்தகத்துத் தேனும் கிறிஸ்மஸ் கேக்கும் உங்களுக்குப் பிடிபடாததில் வியப்பில்லை. மூக்குக்குத் தெரிந்தவை நாம் வளர்ந்த வீட்டு மணங்கள்தான். இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் அம்மம்மாவின் குசினியை நினைத்து எழுதியதை மருதனார்மடத்தில் இருந்து தேடினால் கிடைக்காது. பனங்கட்டி, சுட்ட பனம்பழம், வறுத்த உழுந்து, ஈரச் சாக்கு, கோயில் சாம்பிராணி என்று உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஸ்கொட்ச் ரசனை என்ற பெயரில் நடக்கிற பாசாங்கில் பாதி, அடுத்தவனின் பட்டியலை மனப்பாடம் பண்ணி ஒப்புவிப்பது என்பது என் அபிப்பிராயம்.

இனிக் குடிக்கிற முறை. ஷோகேஸில் இருக்கிற வாய் அகன்ற கிளாஸ் வேண்டாம், மணம் முழுக்கக் காற்றோடு போய்விடும். வயிறு பெருத்து வாய் ஒடுங்கிய சின்ன வைன் கிளாஸ் போதும். அளவு 25 மில்லிலீற்றர், அதற்கு மேல் தேவையில்லை. அடுத்த சிக்கல் எங்கள் வெக்கை. ஸ்கொட்லாந்தில் வீட்டுக்குள் 18, 20 பாகை என்றால் எங்கள் விறாந்தையில் 30 க்கு மேல். சூட்டில் அல்ககோல் முந்திக்கொண்டு எழும்பி மூக்கைக் குத்தும், நுண்மையான மணமெல்லாம் அதற்கடியில் அமுங்கிப்போகும். கிளாஸைக் குளிர்தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். போத்தலைப் பத்து நிமிடம் பிறிஜ்ஜில் வைத்தாலும் குற்றமில்லை. ஐஸை அள்ளிப்போட்டால் மணம் உறைந்துவிடும்.

மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்க வேண்டாம். நாடியளவில் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பாருங்கள். முதல் தரம் எரிச்சல் மட்டுந்தான் தெரியும். சற்றுப் பொறுத்து இரண்டாம், மூன்றாம் தரம் மோக்கும்போது மற்றவை வரத் தொடங்கும். பிறகு ஒரு சொட்டு நாக்கில் விட்டு, எச்சிலோடு கலந்து வாய் முழுக்கப் பரவவிட்டு, ஆறுதலாக விழுங்குங்கள். நீங்கள் சாராயம் பழகிய வழியில் ஒரே மடக்காக உள்ளே தள்ளியதால்தான் தொண்டை எரிந்தது.

அடுத்து ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விடுங்கள். மானக்குறைவு என்று நினைக்க வேண்டாம். விஸ்கிக் கலவை பார்க்கிற நிபுணர்கள் 20 வீதம் அளவுக்குக் குறைத்துத்தான் மோந்து பார்க்கிறார்கள். 2017 இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியில் இதை ஆராய்ந்தார்கள். அல்ககோலின் வீதம் கூடியிருந்தால் குவாயகோல் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது, தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு ஏறி வருகிறது என்று கண்டார்கள். உங்கள் போத்தலுக்கு அளந்து சொன்ன மாதிரி இருக்கிறதல்லவா?

எந்தத் தண்ணீர் என்பது எங்கள் ஊரில் பெரிய கேள்வி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்திருப்பீர்கள், அது எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கொடை. தேத்தண்ணிக்கு அது பழகிப்போயிற்று, விஸ்கியில் சுவையை மழுக்கும். போத்தல் தண்ணீர் வாங்குங்கள். கடினநீரை வைத்தே விஸ்கி காய்ச்சுகிற கிளென்மொறஞ்சி போன்ற வடிசாலைகளும் உண்டு, ஆனால் அது காய்ச்சுவதற்கு முந்திய கதை. பைற்ஸும் முதலில் வேண்டாம். மிளகாய்த்தூள் போட்ட மிக்ஸரும் வெற்றிலையும் நாக்கை அரை மணித்தியாலத்துக்குச் சாகடித்துவிடும். உறைப்பில்லாத வறுத்த கச்சான் பரவாயில்லை.

சீனி வருத்தத்தை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். சில குளிசைகளோடு மதுபானம் சேர்ந்தால், அதுவும் வெறும் வயிற்றில், இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும். வியர்த்து, நாக்குழறி, தள்ளாடினால் வீட்டார் வெறி என்று நினைத்துப் படுக்கவிட்டுவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். உங்கள் வைத்தியரிடம் குளிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த 25 மில்லிலீற்றரோடு நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் மோந்து பார்ப்பதோடு விடலாம். ரசனையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

லேபலில் உள்ள 10 வருடம் என்பது உள்ளே கலந்த பீப்பாய்களில் ஆக இளையதன் வயது. சட்டப்படி ஸ்கொட்ச் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் இருக்கவேண்டும், 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. நிறத்தைப் பார்த்துத் தரம் தீர்க்க வேண்டாம், கரமல் சேர்த்து நிறமூட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது. ‘சிங்கிள் மோல்ற்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வடிசாலை என்பதுதான் அதன் பொருள், பீப்பாய்கள் பலவாக இருக்கலாம். எங்கள் தனிப்பனைக் கள்ளுக்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது ‘சிங்கிள் காஸ்க்’ என்று தனிப்பீப்பாயில் எடுக்கிற விஸ்கி.

கள்ளுப் பேச்சு வந்ததால் ஒன்று. பிளாவில் கள்ளு குடித்த காலத்தில் நீங்கள் மணம் பார்க்காமலா குடித்தீர்கள்? உடன் கள்ளா, புளித்ததா, முட்டியில் சுண்ணாம்பு கூடிப்போயிற்றா என்று தவறணை வாசலிலேயே தெரிந்துவிடும். சாராயம் என்று வந்ததும் அந்தப் புலனை எங்கேயோ தொலைத்துவிட்டோம். வடமராட்சியின் திக்கம் வடிசாலையில் எடுத்த பனஞ்சாராயத்தைக்கூடக் கோலாவில் மூழ்கடித்து, மூச்சையடக்கி விழுங்குகிறோம். பார்லியில் இருப்பது மாச்சத்து, அதை முளைக்கவைத்துத்தான் சீனியாக்க வேண்டும். பனையின் பாளைச் சாறோ சீனியாகவே சொட்டி, முட்டியிலேயே தானாக நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. மூலப்பொருளில் எங்களுக்குக் குறைவில்லை, குறைவு பீப்பாயிலும் பொறுமையிலும்தான். வெக்கையும் கொஞ்சம் எதிரி. ஸ்கொட்லாந்தில் வருடத்துக்கு 2 வீதம் அளவில் பீப்பாயிலிருந்து ஆவியாகிறது என்றால், பெங்களூரில் விஸ்கி செய்யும் அம்ருத் நிறுவனத்துக்கு அது 10 வீதத்தையும் தாண்டும். ஆனால் சூட்டில் மரத்தின் சாரம் வேகமாக இறங்குவதால், குறைந்த வருடங்களில் முதிர்ந்த விஸ்கியை அவர்கள் 2004 இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் விற்கத் தொடங்கினார்கள். பனஞ்சாராயத்தை அப்படி வைத்துப் பார்க்க ஒருவர் துணிந்தால் நான் முதல் ஆளாகப் போத்தல் வாங்குவேன். அதுவரை, இருக்கிற பனஞ்சாராயத்தில் கொஞ்சம் எடுத்து, மேலே சொன்ன அதே முறையில், அதே கிளாஸில், லஃப்ரோய்க்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பாருங்கள்.

போத்தலை வெயில் படாத அலுமாரியில் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப் போட்டால் அல்ககோல் தக்கையை அரிக்கும். பாதிக்குக் கீழே போனால் உள்ளே நிற்கிற காற்று மெல்ல மெல்ல மணத்தை மாற்றும், முதலில் மங்குவது உங்களுக்குப் பிடிக்காத அந்தப் புகைதான். அதனால் புகை ஒத்துவரவில்லை என்றால் எறிந்துவிடாமல் சில மாதம் விட்டுத் திரும்ப முயன்று பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு வரும்போது ஸ்பேசைட் பக்கத்து, பீற் புகை படாத விஸ்கி ஒன்று கொண்டுவரும்படி மருமகனுக்குச் சொல்லிவிடுங்கள்.