அப்பாவின் இஸ்வாராவுக்கு இன்ஜெக்‌ஷன்: ஒரு வயரிங் பாடம்

ஞாயிறு வகுப்பில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, பழைய காடியில எப்படிண்ணே கம்ப்யூட்டர் இன்ஜின் போட்டீங்க?" நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் பாடம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் காடி 1990களில் வந்த புரோட்டோன் சாகா இஸ்வாரா, 1.5. எல்லாரும் இஸ்வாரா என்போம், பாட்டி மட்டும் "ஈஸ்வரா" என்பார். காலையில் ஸ்டார்ட் ஆகாத நாளில் அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். அம்மாவுக்குப் பாலாக்கோங்கில் தொழிற்சாலை வேலை, காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. அப்பா அம்மாவை இறக்கிவிட்டு அப்படியே பூச்சோங்குக்கு வேலைக்குப் போவார். மழை பெய்த மறுநாள் கார்ப்புரேட்டர் அடம்பிடித்தால் இரண்டு பேர் சம்பளத்திலும் கை வைக்கும். ஃபோர்மேன் அண்ணன் பார்த்துவிட்டு, "இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். நான் அப்போது மூன்றாம் ஆண்டு மின்னியல் பொறியியல், ஏழு வாரம் விடுமுறை. "எனக்கு விடுங்கப்பா, இன்ஜெக்‌ஷன் ஆக்கித் தர்றேன்" என்றேன். அப்பா யோசித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா உட்கார்ந்து போற காடிடா."

முதலில் எது சாத்தியம் என்று பார்ப்போம். முதல் சாகா 1985 ஜூலை 9இல் வந்தது, மிட்சுபிஷியின் ஓரியன் வகை இன்ஜினோடு. 1992இல் இஸ்வாரா, 1993இல் வீரா. எங்கள் காடியில் இருந்தது கார்ப்புரேட்டர் வைத்த 4ஜி15. வீரா 1.5 எம்.பி.ஐ.யில் இருப்பதும் 4ஜி15தான், ஆனால் இன்ஜெக்டர் வைத்தது. ஒரே குடும்பம் என்பதால் இன்ஜின் மவுண்டிங்கும் கியர்பாக்ஸும் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்தின. ஃபோர்மேன் அண்ணன் இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிட்டார். வயரிங் மட்டும் என் பொறுப்பு. புதிதாக இறங்குபவர்களுக்கு என் யோசனை இதுதான்: குதிரைசக்தி ஆசைப்பட்டு வேறு குடும்பத்து இன்ஜினைத் தேடாதீர்கள்.

கார்ப்புரேட்டர் வேலை செய்ய மின்சாரம் ஏறக்குறைய தேவையே இல்லை. இன்ஜின் இழுக்கும் காற்றே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷனில் ஒரு கம்ப்யூட்டர், அதாவது இ.சி.யூ, சென்சார்களைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சில மில்லி விநாடி மட்டும் திறந்து மூடுகிறது. புதிய சங்கதி ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காடிக்கு மின்னணு இன்ஜெக்‌ஷன் கொடுத்துவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே வந்துவிட்டது.

பழைய காடிகளைப் பிரித்து விற்கும் கடையில் இன்ஜின் வாங்கும்போது, இ.சி.யூ, ரிலே, முழு வயர் கட்டு மூன்றும் அதே காடியிலிருந்து வரவேண்டும் என்று கேளுங்கள். பிளக்குகளை வெட்டாமல் கழற்றித் தரச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த கட்டு டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகட்டருகே சில இடங்களில் வெட்டுப்பட்டிருந்தது. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டேன்.

வயர் கட்டைத் தரையில் விரித்தபோது பாட்டி, "இடியாப்பம் மாதிரி இருக்கேய்யா" என்றார். பயப்படவேண்டாம். அதில் பெரும்பாலான வயர்கள் இ.சி.யூவிலிருந்து புறப்பட்டு இன்ஜினிலேயே முடிந்துவிடும். இன்ஜெக்டர், வெப்ப சென்சார், திராட்டில் சென்சார், காற்றழுத்த சென்சார், ஐடில் மோட்டார் எல்லாம் அப்படித்தான். பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. பழைய காடியோடு நாம் சேர்க்கவேண்டியது ஏழெட்டு வயர்தான்: எப்போதும் மின்சாரம் உள்ள பேட்டரி வயர், சாவி திறந்தால் வரும் வயர், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் வரும் வயர், பெட்ரோல் பம்ப்புக்குப் போவது, எச்சரிக்கை விளக்கு, வேக சென்சார், பிறகு கிரவுண்டுகள். வயரின் நிறத்தை நம்பவேண்டாம். மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, இ.சி.யூ பிளக்கிலிருந்து அந்தப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எனக்கு அதற்கே நான்கு ராத்திரி ஆனது.

சாவி வயரில்தான் முதல் அடி வாங்கினேன். ரேடியோவுக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வந்தது. எடுத்து இ.சி.யூவுக்குக் கொடுத்துவிட்டேன். சாவி திறந்தால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை. ஒரு நாள் முழுக்கப் போனது. காரணம் என்னவென்றால், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் ரேடியோ, ஃபேன் போன்றவற்றின் மின்சாரத்தைச் சாவி சுவிட்ச் துண்டித்துவிடும். இ.சி.யூவுக்கு அந்த விநாடியில்தான் மின்சாரம் ரொம்பத் தேவை. டெஸ்ட் லேம்ப்பை மாட்டிவிட்டு ஒரு ஆளைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போதும் அணையாத வயர்தான் நமக்கு வேண்டிய வயர். இன்னொன்று, சில பழைய காடிகளில் காயிலுக்குப் போகும் வயரில் ரெசிஸ்டர் இருக்கும். அதிலிருந்தும் எடுக்கக்கூடாது, வோல்ட் குறைந்துதான் வரும்.

அடுத்தது பம்ப். கார்ப்புரேட்டர் இன்ஜினில் பம்ப்பை இன்ஜினே தள்ளும், அழுத்தம் கால் பார் அளவுதான். இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பார் பக்கம் வேண்டும், அதனால் டாங்கிப் பக்கம் மின்சாரப் பம்ப். பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்ஜெக்‌ஷனுக்கென்று விற்கும் குழாயும் கிளிப்பும்தான் போடவேண்டும், மீதிப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பும் பாதையும் அடைப்பில்லாமல் இருக்கவேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனாலும் பம்ப் ஓடவில்லை.

விடுமுறையில் பாதி போய்விட்டது. அம்மா மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பம்ப் வயரை இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, நேராகச் சாவி மின்சாரத்தில் கட்டிவிட்டேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தாமானே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா வந்து இ.சி.யூ பெட்டிக்கு விபூதி பூசி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லடா" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரவு அம்மா ஓவர்டைம் முடித்து வருகிறார், அப்பா முன்னால், அம்மா பின்சீட்டில், நான் ஓட்டுகிறேன். தி மைன்ஸ் பக்கம் சிக்னலில் நின்றபோது இன்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. விளக்கு எரிகிறது, சாவி திறந்தே இருக்கிறது, எல்லாரும் அமைதி. அப்போது அம்மா சொன்னார்: "பின்னாடி ஏதோ முனகுதுய்யா."

பம்ப். இன்ஜின் செத்துவிட்டது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மாவின் சீட்டுக்கு அடியில்.

நான் செய்தது என்ன என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஒழுங்கான வயரிங்கில் பம்ப் ரிலே இ.சி.யூவின் கட்டுப்பாட்டில் இருக்கும். இன்ஜின் சுற்றுகிறது என்ற துடிப்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள சென்சாரிலிருந்து வரும்வரை மட்டுமே பம்ப் ஓடும். துடிப்பு நின்றால் பம்ப்பும் நிற்கும். நேராகக் கட்டினால் அந்தக் காவல் இல்லை. காடி மோதி, குழாய் பிய்ந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் பம்ப் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலைச் சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நான் போட்ட ஃபியூஸ் அதைத் தடுக்காது. ஃபியூஸ் என்பது வயர் எரியாமல் காக்க வைப்பது, பம்ப்புக்கு எப்போது நிற்கவேண்டும் என்று அதற்குத் தெரியாது. அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் அம்மா திரும்ப மோட்டார் சைக்கிளில் போனார்.

சரி, பம்ப் ஏன் முதலில் ஓடவில்லை? வெட்டுப்பட்ட வயர்களில் ஒன்று, ஸ்டார்ட்டர் சுற்றுவதைச் சொல்லும் மெல்லிய வயர். அது இல்லாததால் ரிலே சுற்றும்போது இழுக்கவே இல்லை. ஸ்டார்ட்டரின் சிறிய முனையிலிருந்து ஒரு வயர் இழுத்துச் சேர்த்தேன், பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பதிலாகத்தான் நான் குறுக்கு வழி போயிருந்தேன். பம்ப்பின் மின்சாரம் இப்போது ரிலே வழியாக, 15 ஆம்ப் ஃபியூஸோடு போகிறது. கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் சுமார் 5 ஆம்ப் இழுக்கிறது.

ஆனால் இன்ஜின் ஏன் அணைந்தது? இது தனிக் கதை, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பகலில் அணையவில்லை, இரவில் சிக்னலில் மட்டும் அணைகிறது. இரவில் என்ன வித்தியாசம்? ஹெட்லைட். நின்றால் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும். இரண்டையும் வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தேன், குலுங்கியது. லைட்டை அணைத்தேன், குலுக்கல் நின்றது.

வெட்டுப்பட்ட இன்னொரு வயர் சென்சார்களின் கிரவுண்டு. அது இ.சி.யூவுக்கே திரும்பிப் போகவேண்டியது. "கிரவுண்டுதானே, எங்க மாட்டினா என்ன" என்று, ஹெட்லைட்டும் ஃபேனும் கிரவுண்டு எடுக்கும் அதே போல்ட்டில் மாட்டியிருந்தேன். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். கணக்குப் போடுங்கள்: லைட் இரண்டும் 8 ஆம்ப், ஃபேன் 10 ஆம்ப், மொத்தம் 18. பெயிண்ட்டால் வந்த தடை வெறும் 0.02 ஓம் என்றாலும், 18 பெருக்கல் 0.02, அதாவது 0.36 வோல்ட். சென்சார்களின் பூஜ்யம் இப்போது பூஜ்யம் இல்லை, 0.36. இ.சி.யூவுக்கு வரும் எல்லாச் செய்தியும் அந்த அளவு கூடிப்போகிறது. வெப்ப சென்சார் குளிரில் தடை அதிகம், சூட்டில் குறைவு. மிட்சுபிஷி வகையில் 20 டிகிரியில் சுமார் 2,400 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். வோல்ட் கூடினால் இ.சி.யூ "இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். காற்றழுத்த சென்சாரும் கூட்டிச் சொல்வதால் இன்னும் கூட்டும். கடைசியில் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கி அணைந்தது. இ.சி.யூ மேல் தப்பே இல்லை. நான் அதனிடம் பொய் சொன்னேன், அது நம்பியது.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை பேட்டரி நெகடிவ்வில், சிவப்பு முனை கிரவுண்டு போல்ட்டில். எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டுப் பாருங்கள். நல்ல இணைப்பில் சில மில்லி வோல்ட்தான் காட்டும். இன்ஜின் பிளாக்கையும் இப்படியே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கிரவுண்டு வயரை மாற்றவேண்டும். நான் பெயிண்ட்டைச் சுரண்டி, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு தடித்த வயர் போட்டு, சென்சார் கிரவுண்டை இ.சி.யூவின் சொந்த முனைக்கே திருப்பினேன். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் பிரித்து, ஜாலான் பாசாரில் வாங்கிய குழல் போட்டு நசுக்கி, சுருங்கும் உறை போட்டு மூடினேன். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை ஒரு வருஷம்கூடத் தாங்காது.

வயரிங்கைப் போலவே முக்கியம் காகித வேலை. இன்ஜின் எண் மாறிவிட்டது, கெரானில் பழைய எண். ஜே.பி.ஜே. அனுமதி, புஸ்பாகோம் பரிசோதனை, பதிவு திருத்தம், இன்ஷூரன்சுக்குத் தகவல் எல்லாம் வேண்டும். இன்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்ஜினை வாங்குவதற்கு முன்பே போய் விசாரிப்பது நல்லது.

அப்பா சாவியைத் திருப்பித் தர ஒரு சோதனை வைத்தோம். இன்ஜின் ஓடுகிறது, அம்மா பின்சீட்டில். நான் டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினேன். இன்ஜின் அணைந்தது, சாவி திறந்தேதான் இருந்தது. "கேட்குதாம்மா?" அம்மா காதைச் சீட்டில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அப்பா இன்னும் இரண்டு தடவை செய்யச் சொன்னார்.

காடி ஞாயிறு வகுப்பு நேரத்தில் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கும். மீட்டர் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக் காடியின் கிரவுண்டையும் பார்த்துவிடலாம்.