தாமே கற்றல்

கட்டாயம் இன்றேல் மாணாக்கர் சோம்பித் திரிவர் என்பார் பலர். அவர் சம்மர்ஹில் பள்ளியின் வரலாற்றை அறிதல் நன்று. ஏ. எஸ். நீல் என்னும் ஸ்காட்லாந்து ஆசிரியர் 1921ஆம் ஆண்டில் தோற்றுவித்த இப்பள்ளி, 1927 முதல் இங்கிலாந்திலுள்ள லெய்ஸ்டன் என்னும் ஊரில் நடைபெறுகின்றது. ஆங்கே பாடங்கள் உண்டு. வகுப்பிற்கு வந்தே தீரவேண்டும் என்னும் விதி இல்லை. ஆயினும் பள்ளி விதிகளுக்கு யாவரும் அடங்குவர். அவற்றை வகுப்பது பொதுச்சபை. அச்சபையில் சிறுவர்க்கும் ஆசிரியர்க்கும் வாக்கு ஒவ்வொன்றே.

1999ஆம் ஆண்டில் அரசாங்கப் பரிசோதகர் இவ்வுரிமையைக் குறை கூறினர், வழக்கு மூண்டது. 2000ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் உடன்பாட்டிற்கு இசையவே, மாணாக்கர் நீதிமன்றத்திலேயே சபை கூடி, ஆராய்ந்து, வாக்களித்து அதனை ஏற்றனர். இவ்வாற்றல் எப்பாடநூலால் வந்தது? தம்மைத் தாமே ஆண்டு பழகியதனால் அன்றோ! வருகைப் பதிவிற்கு அஞ்சி வகுப்பில் அமரும் நாம், எதனையேனும் நாமே விரும்பித் தேடிக் கற்கின்றோமா? நண்பர்களே, சிந்திப்போமாக.